மார்கழியில் பறித்த பீர்க்கம்பூ

பகல் பன்னிரண்டரை மணிக்கு என் மகள் இலை முன்னால் உட்கார்ந்தாள். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கணவர் ஆம்பூர் ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து வந்து வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைக்காமல் அவருக்கு ஒரு நாளும் தூக்கம் வராது. அது அரை மணிக்கு ஒற்றை மணி அடிக்கும். அந்த மணி அடித்தபோது என் கரண்டியில் பீர்க்கங்காய்க் கூட்டு இருந்தது. அதை அவள் இலையில் போட்டேன்.

அன்று புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. பெருமாளுக்குப் படைக்கும்வரை எங்கள் வீட்டுச் சமையலில் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பைக்கூடக் கண்ணளவில்தான் போடவேண்டும். மற்ற நாட்களில் பீர்க்கு, வெள்ளரி, சுரை எதுவானாலும் நுனியைக் கிள்ளி நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நறுக்குவேன். என் அம்மா அப்படிச் செய்தாள், நானும் செய்தேன். ஏன் என்று யோசித்தது கிடையாது. அந்த ஒரு நாள் மட்டும் செய்யவில்லை. எங்களோடு இருந்த என் கணவரின் அக்கா, அடுப்பங்கரை வாசலிலேயே மணை போட்டு உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விரத நாளில் இரவு ஒருவேளைச் சாப்பாடு மட்டும். கணவர் ஜோலார்பேட்டைக்கு டூட்டியில் போயிருந்தார். ஆக, பகலில் சாப்பிட வேண்டியவர்கள் நானும் மகளும் மட்டும்.

அவளுக்கு அப்போது பத்து வயது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாள். முந்தைய சனிக்கிழமை இலையில் பாதியை மிச்சம் வைத்துவிட்டாள் என்று நான் கடுமையாகத் திட்டியிருந்தேன். பெருமாளுக்குப் படைத்ததை எறிந்தால் அடுத்த வாரம் உனக்கு இலையே கிடையாது என்று சொல்லியிருந்தேன். அன்று அவள் கூட்டைப் பாயசத்தோடு கலந்து கலந்து விழுங்கினாள். நான் பார்த்தேன். பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அப்பளம் பொரிக்கப் போய்விட்டேன்.

ஒன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான் உட்கார்ந்து முதல் வாயை எடுத்து வைத்தேன். அது வேப்பம்பூவின் கசப்பு அல்ல. பாகற்காயின் கசப்பும் அல்ல. நாக்கின் அடியில் பிடித்து, தொண்டைக்குள் இறங்கி, துப்பிய பிறகும் அங்கேயே இருந்த கசப்பு. எழுந்து ஓடி முற்றத்தில் துப்பினேன். திரும்பி வந்து மகளுடைய இலையைப் பார்த்தேன். துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். இரண்டு மணிக்குள் வயிற்றுப்போக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டாள். இரண்டரை மணிக்குப் போனதில் இரத்தம் கலந்திருந்தது.

“கசந்துதும்மா. மிச்சம் வெச்சா நீ திட்டுவேன்னு தின்னுட்டேன்” என்றாள்.

இந்த வார்த்தையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

“காய் கெட்டது அக்கா. அந்தக் காயிலதான் இருக்குது” என்றேன் நாத்தனாரிடம்.

“இன்னாடி பேசற?” என்றார் அவர். “இந்தக் கொடியோட ஆத்தா கொடியில போன வருஷம் தெருவே காய் தின்னுச்சு. தித்திப்புக் காய். அதுல முத்துன காயைத்தான் நானே காயவெச்சி, வெதையை சாம்பல்ல பெரட்டி எடுத்து வெச்சேன். வெதை நம்ம வெதை, மண்ணு நம்ம மண்ணு. எப்படிக் கசக்கும்? பஜார் பக்கம் ரெண்டு வூட்டுல வாந்திபேதின்னு காலையிலதானே கேட்டோம். காயைப் போய் சொல்றியே.”

அவர் சொன்னது முட்டாள்தனமான பேச்சு அல்ல. ஆனால் என் நாக்கில் இன்னும் அந்தக் கசப்பு இருந்தது.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மார்பளவு மண்சுவர். அந்தப் பக்கம், தோல் பதனிடுகிற ஷாப்பின் மேஸ்திரி குடும்பம். மேஸ்திரியின் மனைவியை, அவர்கள் வீட்டில் அக்காவைக் கூப்பிடுவது போல, நான் ஆபா என்று கூப்பிடுவேன். அவர் வளர்த்த ஆட்டுக்கு எங்கள் வீட்டுக் காய்த்தோலையெல்லாம் சுவருக்கு மேலே போட்டுவிடுவது வழக்கம். அன்று காலையிலும் போட்டிருந்தேன். சுமார் மூன்று மணிக்கு அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“இன்னா தங்கச்சி, உன் வூட்டு விரதம் என் ஆட்டுக்கும் சேத்தா? தோலு போட்டியே, மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நவாப் வூட்டு ஆடு மாதிரி ஜாஸ்தி திமிரு அதுக்கு.”

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் பின்வாசல் வழியாக வந்து மகளின் தலைமாட்டில் நின்றார். கசந்த கூட்டைச் சட்டியோடு காட்டினேன். விரல் நுனியால் தொட்டு, நாக்கில் வைத்து, உடனே துப்பினார்.

“அல்லா! இது பேய்ப்பீர்க்கு. ஷாப் வேலியில தொங்குதே, அது. எங்க ஆளுங்க வயிறு கட்டிக்கிச்சுன்னா இதுல ஒரு துண்டைத் தண்ணியில ஊறவெச்சி ஒரு மடக்கு குடிப்பானுங்க, ரெண்டு நாள் எழுந்திருக்க மாட்டானுங்க. உன் பேட்டி எவ்வளவு தின்னா?”

“இலையில போட்டது பூரா.”

ஆபா சட்டியை மூலைக்குத் தள்ளினார். சோறு வடித்த கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார். அதில் உப்பைப் போட்டுக் கலக்கி, கரண்டி கரண்டியாக வாயில் விட ஆரம்பித்தார். நாத்தனார் வாசற்படியிலிருந்து, விரத நாளில் இது என்ன கூத்து, அவள் கையால் குடிக்கவைக்கிறாயே என்றார்.

“கஞ்சி உங்க வூட்டுது, உப்பு உங்க வூட்டுது, தண்ணி உங்க கெணத்துது” என்றார் ஆபா, திரும்பிப் பார்க்காமலே. “கை மட்டும்தான் என்னுது. அத அப்பறமா கழுவிக்கலாம். புள்ள போய்ட்டா இன்னாத்த கழுவுவ?”

நாத்தனார் உள்ளே போய் இன்னொரு சொம்பு கஞ்சி கொண்டுவந்து வைத்தார்.

குடித்ததில் பாதி வெளியே வந்தது. பாதி உள்ளே நின்றது. ஊரில் இருந்த ஒரே பெண் டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். பிரசவம் பார்க்க மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றுக்கு ஜட்காவில் போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்று தெரியாது என்று பதில் வந்தது. அங்கேயே ஒரு ஆளை நிறுத்தி, வந்ததும் நேராக இங்கே அழைத்துவரச் சொன்னேன்.

அவருக்கு முன்னால் வந்தவர் சுகாதார இன்ஸ்பெக்டர். நான்கு மணிக்குச் சைக்கிளில் வந்தார். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பஜாரில் உண்மையாகவே காலரா இருந்தது. அவர் கூடத்துக்குள் வராமல் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசினார். பாலாற்று மணலோரம் கீற்று வேய்ந்த காலரா ஷெட் ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் சிலர். வராதவர்கள் பலர். என் மகளுக்கு இருந்தது காலரா இல்லை என்றால், அங்கே போனதும் அது வந்துவிடும். எனக்கு அந்த ஒரு பயம்தான், வேறு யோசனையே ஓடவில்லை.

“இது காலரா இல்லீங்க சார். காய் விஷம். நானும் ஒரு வாய் வெச்சேன்” என்றேன்.

“எல்லா அம்மாவும் ஏதாவது ஒண்ணு சொல்றாங்கம்மா. நேத்து ஒருத்தரு நாவப்பழம்னாரு. எந்தக் காய்? கடையில வாங்கினதா?”

“எங்க வீட்டுக் கொடியில காய்ச்சது.”

“உங்க வீட்டுக் கொடி. போன வருஷம் அதே கொடியில காய் சாப்பிட்டீங்களா?”

“அதோட விதைதான். அது நல்லா இருந்துது.”

அவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஆறு மணிக்கு வண்டி வரும். அதுக்குள்ள ஒரு டாக்டர் பாத்து, இல்லன்னு எழுதிக் குடுத்தா நான் ஏன் தூக்கிட்டுப் போறேன்? எனக்கும் பொண்ணு இருக்குதும்மா” என்றார்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆபா கஞ்சி ஊட்டினார். நான் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெண்டைக்கால் சதை கட்டிக்கொண்டு இழுத்தது, அதைத் தேய்த்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து கிணற்றடிப் பந்தல் தெரிந்தது. மூன்று கொடிகள் அதில் படர்ந்திருந்தன. விதை நம்முடையது, பின் எப்படிக் கசக்கும் என்ற கேள்வியை என் தலை விடவில்லை. பதில் அன்று சாயங்காலமே கிடைத்தது. என் கை செய்த வேலையைத்தான் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

முந்தைய ஐப்பசி மழையில் இரண்டு பீர்க்கு விதை போட்டிருந்தேன். மார்கழி பிறந்தபோது இரண்டும் பூத்துக் குலுங்கின. எங்கள் தெருவில் மார்கழி விடியலில் வாசல் கோலத்தில் சாணி உருண்டைகள் பிடித்து வைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பூ ஒன்றைச் செருகுவார்கள். பூசணிப்பூ கிடைக்காத வீட்டில் பீர்க்கம்பூ. எந்த வீட்டு வாசலில் அதிகம் உருண்டை என்று பெண் பிள்ளைகளுக்குள் போட்டி. “எதிர் வூட்டுல ஒம்பது, நம்ம வூட்டுல பதினொண்ணும்மா” என்று என் மகள் குளிரில் நடுங்கிக்கொண்டே எண்ணிச் சொல்வாள்.

பீர்க்கம்பூ அந்தியில் மலரும். விடிகாலையில் போய்ப் பறித்தால் பாதி சுருங்கியிருக்கும். அதனால் அவள் சாயங்காலமே, பூ வாய் திறக்கிற நேரத்தில், எல்லாவற்றையும் பறித்து ஒரு தவலைத் தண்ணீரில் மிதக்கவிடுவாள். காய்க்க வேண்டிய பூவையும் பறித்துவிடப் போகிறாளே என்று நான்தான் அவளை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். வேலூரில் மிஷன் பெண்கள் பள்ளியில் எட்டாவதுவரை படித்தவள் நான். பூவைப் பிளேடால் இரண்டாகப் பிளந்து படம் போட்டுக் காட்டிய பாடம் இன்னும் மனதில் இருக்கிறது. “அடியில பிஞ்சு இருக்கிற பூ பெண் பூ. அதைத் தொடாதே. பிஞ்சு இல்லாதது ஆண் பூ. அது எல்லாம் உனக்கு” என்றேன். நாத்தனார் ஆண் பூவைப் பொய்ப்பூ என்பார். பொய்ப்பூவைப் பறித்துவிட்டால் கொடியின் சத்து காய்க்குப் போகும் என்று அவரும் சந்தோஷப்பட்டார். மகள் என் சொல்லை மீறவே இல்லை. மாதம் முழுவதும் எங்கள் கொடிகளில் ஒரு ஆண் பூவைக்கூட இரவைக் காண விடவில்லை.

ஆனாலும் காய் காய்த்தது. அப்போதே நான் நின்று கேட்டிருக்க வேண்டும். பாதிப் பாடம் நினைவிருந்தது, மறுபாதியை மறந்தேன். ஆண் பூவின் மகரந்தத் தூள் விழாமல் பெண் பூ காயாகாது. எங்கள் ஆண் பூ தவலைத் தண்ணீரில் இருக்கும்போது, எங்கள் பெண் பூவுக்குத் தூள் எங்கிருந்து வந்தது?

கிணற்றடிக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோல் ஷாப்பின் கிளுவை வேலி. ஆவாரம்பட்டை வண்டிகள் வந்து நிற்கிற இடத்திலிருந்து சுண்ணாம்புத் தொட்டிகள்வரை நீண்ட வேலி. அதன் நீளம் முழுவதும் பேய்ப்பீர்க்கு படர்ந்திருந்தது. யாரும் நட்டது இல்லை, யாரும் பறிப்பதும் இல்லை. காய் விரல் நீளம்தான். பூ மட்டும் எங்கள் பீர்க்கின் பூ போலவே, அதே மஞ்சள், அதே அந்தி நேரம். எங்கள் பக்கம் ஆண் பூ ஒன்றும் இல்லாத நேரத்தில் அங்கே நூற்றுக்கணக்கில் மலர்ந்திருந்தது. தேனீக்கு வாய்க்கால் ஒரு தூரமா?

அந்தக் காய்கள் தித்தித்ததில் ஆச்சரியம் இல்லை. காயின் சதை தாய்க்கொடியின் உடம்பு. எந்தத் தூள் விழுந்தாலும் அந்த வருஷம் அது தாயின் ருசியில்தான் இருக்கும். தகப்பன் உட்கார்ந்திருப்பது விதைக்குள். அந்த விதையை நாத்தனார் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தார், ஆடியில் நான் ஊன்றினேன், புரட்டாசியில் அது காய்த்தது. காய் நீளமாக, எங்கள் பீர்க்கு போலவே வரிவரியாக இருந்தது. கசப்பு மட்டும் வேலியிலிருந்து வந்திருந்தது.

இவ்வளவையும் அன்று சாயங்காலம் மகளின் காலைத் தேய்த்துக்கொண்டே யோசித்துக் கண்டுபிடித்தேன். ஆனால் யோசித்ததை நம்புவது வேறு, பார்த்து அறிவது வேறு. அதனால் அடுத்த வருஷம் நான் செய்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நெமிலியில் இருக்கும் என் தம்பி வீட்டிலிருந்து நல்ல விதை வரவழைத்துப் போட்டேன். நெமிலியைச் சுற்றி வயல்தான், பேய்ப்பீர்க்கு அங்கே கிடையாது. மலரப் போகிற பெண் மொட்டை மத்தியானமே பார்த்து வைத்து, பழைய மல் துணியைச் சிறு பையாகத் தைத்து அதன்மேல் கட்டினேன். அந்தியில் பையை அவிழ்த்து, சிலவற்றில் எங்கள் ஆண் பூவைத் தடவினேன். சிலவற்றில் வேலியின் ஆண் பூவைத் தடவினேன். மறுபடியும் பையைக் கட்டினேன். அதோடு விடாமல் வாய்க்காலைத் தாண்டிப் போய், வேலியின் பெண் பூவுக்கு எங்கள் தூளையும் வைத்தேன். ஷாப்பில் தோல் அலசுகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “கிளார்க் வூட்டம்மா பூவுக்கு கல்யாணம் பண்ணுது” என்று ஒருவன் சொல்ல, மேஸ்திரி அவனை விரட்டினார்.

எல்லாம் காய்த்தன. எங்கள் கொடி வேலித் தூளை ஏற்றது. வேலிக்கொடியும் எங்கள் தூளை ஏற்றது. பள்ளிப் புத்தகத்தில் இரண்டையும் வேறு வேறு இனம் என்று போட்டிருந்தார்கள். செடிகளுக்கு அந்த ஆட்சேபணை இல்லை. விதைகளைத் தனித்தனியாகச் சீட்டு எழுதி வைத்து மறு ஆடியில் ஊன்றினேன். எது தாயாக இருந்தாலும், வேலியின் கலப்பு உள்ள கொடியில் காய் கசந்தது. கலப்பில்லாத எங்கள் விதையில் கசப்பு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு காயையும் நுனியில் நாக்கை வைத்துப் பார்த்துத் துப்பினேன், கசந்ததை அடுப்பில் போட்டு எரித்தேன்.

அதே சமயம், கையே வைக்காமல் வேலியில் தானாகக் காய்த்த பேய்ப்பீர்க்கின் விதையையும் ஒரு பிடி எடுத்து ஊன்றிப் பார்த்தேன். எல்லாம் விரல் நீளக் காய்தான். எங்கள் பீர்க்கின் நீளம் ஒன்றிலும் வரவில்லை. ஆக, கலப்பு இரண்டு பக்கமும் நடக்கக்கூடியது, ஆனால் நடந்தது ஒரு பக்கம் மட்டும். அதற்குக் காரணம் செடிக்குள் இல்லை. அங்கே நூறு ஆண் பூ, இங்கே ஒன்றும் இல்லை. வேலியின் பெண் பூவுக்கு அருகிலேயே அதன் சொந்தத் தூள் மலிந்து கிடந்தது. எங்கள் பூவுக்கு வேலியை விட்டால் வேறு கதி இல்லை. எங்கள் கொடியைத் தாயாகவும் வேலியைத் தகப்பனாகவும் ஆக்கியது எண்ணிக்கைதான். எண்ணிக்கையை அப்படி ஆக்கியது என் மகளின் தவலை. அதை அவள் கையில் கொடுத்தது நான்.

நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை ஆபா வீட்டுக் கொடி எனக்குக் காட்டியது. குளிக்கும்போது தேய்த்துக்கொள்ளும் நாருக்காக அவர் நுரைப்பீர்க்கு வளர்த்தார். வேலியைவிட அது எங்களுக்குக் கிட்டே, மண்சுவர் மேலேயே ஏறியிருந்தது. அதன் கலப்பு எங்கள் விதையில் ஒரு தடவையும் வரவில்லை. கவனித்துப் பார்த்தேன். நுரைப்பீர்க்கு விடியற்காலையில் மலர்கிறது. அந்த நேரத்தில் எங்கள் பூ வாடத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருப்பது போதாது, ஒரே வேளையில் விழித்திருக்கவும் வேண்டும்.

“அப்போ என் கொடி ஒழுக்கமான கொடின்னு சொல்லு” என்றார் ஆபா இதைக் கேட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒரு தரம்தான். மற்றபடி இந்தக் கலப்பு எப்படி நடந்தது என்று யார் கேட்டாலும் தடுமாறாமல் சொல்லிவிடுவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பீர்க்கங்காயை அரிவாள்மணையில் வைக்கும் முன் இன்றும் இரண்டு முனையையும் கிள்ளுகிறேன். விரத நாளிலும் இப்போது நுனியை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். பெருமாள் கோபித்துக்கொள்வதானால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஐந்து மணிக்கு மகள் வாந்தி எடுப்பது நின்றது. நல்லது என்று நினைத்தேன். ஆபா அவளுடைய கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது. கண் உள்ளே போயிருந்தது. கூப்பிட்டால் இமை அசையும், பதில் இல்லை. கஞ்சி கடைவாயில் வழிந்தது.

ஐந்தரைக்கு நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மார்கழிப் பூவைப் பற்றி அவரிடம் சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை. பொய்ப்பூவையெல்லாம் பறித்துவிட்டோம், வேலிப்பூ வந்து கலந்துவிட்டது என்றேன். அவர் கிணற்றடிப் பந்தலைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ நான் எடுத்து வெச்ச வெதைதானா?” என்றார்.

“பறிக்கச் சொன்னது நான் அக்கா.”

“இன்ஸ்பெக்டர் கேட்டப்ப நான் வாயத் தொறக்காம நின்னுட்டேனே” என்று எழுந்தார். “வண்டி வரட்டும். நான் வாசல்ல ஒக்காந்துக்கறேன். என்னத் தாண்டித்தானே வரணும்?”

அப்படியே செய்தார். காலை முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷி, வாசற்படியில் இரண்டு நிலைக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டி வந்தது. ஒற்றை மாட்டு வண்டி, மேலே தார்ப்பாய். பின்னால் சைக்கிளில் இன்ஸ்பெக்டர். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் எனக்குக் கூடத்தில் கேட்டது.

“எழுந்திருங்கம்மா. சட்டம்னு ஒண்ணு இருக்குது” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இருக்கட்டும். அது காய்தான். எங்க வூட்டு வெதையிலதான் கோளாறு. நான் எடுத்து வெச்ச வெதை. நானே சொல்றேன், எழுதிக்க” என்றார் நாத்தனார்.

“எழுத வேண்டியது டாக்டருங்க.”

“அப்போ டாக்டர் வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். நீயும் ஒக்காரு, கால் வலிக்கும்.”

ஆறு மணி அடித்து முடிந்தது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது தெருமுனையில் ஜட்கா திரும்பியது. டாக்டரம்மா இறங்கினார். பெரிய தோல் பை ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டிருந்தார். சேலை முந்தானையில் காய்ந்த இரத்தம். பிரசவ வீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். நாத்தனார் எழுந்து வழிவிட்டார். இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே நடுக்கூடம்வரை வந்தார், கைக்குட்டை இல்லாமல்.

டாக்டரம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. மகளின் வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். அவ்வளவு நேரம் சத்தமே போடாதவள் “அம்மா” என்று அலறினாள். மூலையில், மகள் பேதி போன மண்சட்டியை விளக்குப் பக்கம் சாய்த்து, உள்ளே இருந்ததைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பி, என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு என்றார். நான் பன்னிரண்டரை மணியில் ஆரம்பித்து மூச்சு விடாமல் சொன்னேன். காயில் பாதியை வெட்டாமல் வைத்திருந்தேன், எடுத்துவரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“இன்ஸ்பெக்டர் சார், வண்டியைத் திருப்பி அனுப்புங்க” என்றார். “காலராவுல இந்த வலி இருக்காது, இந்த ரத்தமும் இருக்காது. இது காய் விஷம். நான் எழுதித் தர்றேன், எனக்கு இப்ப கை ஓய்வில்ல.”

பையைத் திறந்து, ரப்பர்க் குழாயையும் கண்ணாடிப் புட்டியையும் வெளியே எடுத்தார். ஆபாவிடம் வெந்நீர் கேட்டார். கடைசியாக என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

“பொழைக்க வெக்கலாம். கஞ்சி குடுத்தீங்க பாருங்க, அதுதான் இவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சிருக்குது. இப்ப ரத்தக் குழாய்ல உப்புத் தண்ணி ஏத்தணும். வத்திப்போன ஒடம்புல ரத்தக் குழாய் கிடைக்கிறதே கஷ்டம், அவ கை கொஞ்சங்கூட அசையக் கூடாது. அழணும்னா பின்பக்கம் போய் இப்பவே அழுதுட்டு வந்துடுங்கம்மா. கையைப் புடிச்சுக்க எனக்கு நீங்க வேணும்.”